போறேன் என்று சொன்னவள்

உலகம்மை அந்த ஊருக்கு வந்த மறுநாளே வீட்டுக்காரம்மாளைப் பட்டினி போட்டுவிட்டாள்.

வேண்டுமென்று செய்யவில்லை. ஜெர்மனியில், கரை தெரியாத ஏரி ஒன்றின் ஓரத்தில் இருந்தது ஊர். லிண்டாவ் என்று பெயர். அங்கே ஆஸ்பத்திரியில் திங்கட்கிழமை நர்ஸ் வேலையில் சேர வேண்டும். அதற்குள் ஊரைப் பழகிக்கொள்ள ஆறு நாள். மாடி அறையை வாடகைக்குக் கொடுத்த மையர் அம்மாள் தனிக்கட்டை, எழுபதை நெருங்கியவர். செவ்வாய்க்கிழமை காலை, கோட்டை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று, கன்னியாஸ்திரீகள் மூன்று மாதம் சொல்லிக்கொடுத்த ஜெர்மனில் உலகம்மை சொன்னாள்: "வருகிறேன்."

சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

ஏரிக்கரையில் நவம்பர் மூட்டம். குற்றாலத்தில் பிறந்தவளுக்குத் தண்ணீர் என்றால் இரைச்சல். இங்கே இத்தனை தண்ணீர் வாயைத் திறக்காமல் கிடந்தது. அது பேசுமா என்று பார்ப்பவள் போல நடந்துகொண்டே இருந்தாள். வீடு திரும்ப இரண்டு மணி.

"வருகிறேன் என்றாயே?" என்றார் மையர் அம்மாள்.

"ஆமாம். வந்துவிட்டேன்."

"இதோ வந்துவிடுவாய் என்று சூப்பு வைத்தேன். மூன்று தடவை சூடு பண்ணினேன். நீ இல்லாமல் சாப்பிடுவது மரியாதை இல்லையே என்று உட்கார்ந்திருக்கிறேன்."

உலகம்மைக்கு முகம் வெளிறிவிட்டது. "எங்கள் ஊரில் கிளம்பும்போது அப்படித்தான் சொல்வோம், அம்மா. போகிறேன் என்று சொல்ல மாட்டோம்."

"ஏன்?"

"திரும்பி வராதவர்கள்தான் போகிறவர்கள்."

"ஒருவர்கூடச் சொன்னதில்லையா?"

உலகம்மை கரண்டியைக் கீழே வைத்தாள்.

"நான் சொன்னேன். என் அப்பாவிடம்."

அப்பா அய்யாக்குட்டி, குற்றாலம் பேரருவிக்குக் குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிறவர். தாயில்லாத பெண்ணை அவரும் அவருடைய அக்கா கோமதியம்மாளுமாக வளர்த்து நர்ஸ் படிப்புப் படிக்க வைத்தார்கள். மகள் தென்காசியில் வேலை பார்ப்பாள், சாயங்காலம் பஸ்ஸில் வீடு வந்துவிடுவாள் என்று அவர் ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தார். கிளம்புகிற அன்று பஸ் நிற்கும் இடம்வரை வந்தார். பேசத்தான் இல்லை.

"ஏலே, பிள்ள பஸ் ஏறப் போறா. ஒரு வார்த்த பேசுலே" என்றாள் அத்தை.

"நான் என்னத்தப் பேச? தென்காசில சீக்காளியே இல்லாமப் போயிட்டானா? வெள்ளக்காரனுக்கு ஊசி போடவா இவளப் பெத்தேன்?"

"மூணு வருசந்தானப்பா."

"முப்பது வருசம் இரு. எனக்கென்ன? போறவ போ."

"சரி, போறேன்."

அத்தை வாயில் அடித்துக்கொண்டாள். "அடிப் பாதகத்தி! வாரேன்னு சொல்லுட்டி! சொல்லிட்டு ஏறுட்டி!"

அவள் சொல்லவில்லை. பஸ் திரும்பும்போதுதான் பார்த்தாள். அப்பா எண்ணெய்க் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு நின்றார். துடைத்து முடியவே இல்லை.

வியாழக்கிழமை கடிதம் வந்தது. அவள் கப்பலில் வந்துகொண்டிருந்தபோதே எழுதிப் போட்டது. கோமதியம்மாள் சொல்லச் சொல்ல ஞானசம்பந்தம் வாத்தியார் எழுதியது. வாத்தியார் ஒரு சொல்லையும் திருத்தவில்லை.

'ஏட்டி உலகு, நல்லாருக்கியா? நீ போன அன்னைக்கே ஒங்கப்பன், "அவளத் தலைமுழுகிட்டு வாரேன்"னு எண்ணெயத் தேச்சுக்கிட்டு அருவிக்குப் போனான். போனவன் நனையாமத் திரும்பி வந்துட்டான். என்னலேன்னு கேட்டா, "தலை நனைஞ்சா நெசமாவே தலைமுழுகினதா ஆயிருமே, அக்கா"ங்கான். இன்னையோட பதினோரு நாளாச்சு. கழுத்துக்குக் கீழதான் குளி. தலையில ரப்பர்த் துணியக் கட்டிக்கிட்டு, சாரல்கூடப் படாம நின்னு, அடுத்தவன் தலைக்கு எண்ணெ தேய்க்கான். "அண்ணாச்சி, நீரு என்ன கருப்பட்டியா, கரைஞ்சிருவீரா?"ன்னு கூடத் தொழில் பாக்குற மாடன் பய கேலி பண்ணுதான். இவன் வாயத் தொறக்கல. நேத்து மண்ட கொதிக்குன்னு படுத்துட்டான். "அவ போறேன்னுட்டாளே"ங்கதையே சொல்லுதான். நீ ஒரு வார்த்த சொன்னாத்தான் அவன் தலையில தண்ணி படும்.'

அருவிக்குப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்த மனிதர். ஒரு நாள் தவறாமல் அருவிக்கடியில் தலையைக் கொடுத்துவிட்டு வீடு வருகிறவர். உலகம்மை கடிதத்தை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். பிறகு மாடியிலிருந்து இறங்கி வந்து, தெரிந்த ஜெர்மனில் எல்லாவற்றையும் சொன்னாள். தலைமுழுகுவது என்றால் என்ன என்று சொல்வதற்குள் போதும் போதும் என்று ஆகிவிட்டது.

"தந்தி கொடுக்க வேண்டும். ஒரு சொல். வருகிறேன்."

மையர் அம்மாள் அவளுக்குக் காப்பி ஊற்றி வைத்தார்.

"நீ புறப்பட்டுவிட்டாய் என்று நினைத்து, உன் அப்பா சூப்பு வைத்துக் காத்திருந்தால்?"

தினமும் தென்காசி ஸ்டேஷனுக்குப் போய், ரயிலில் இறங்குகிற ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு அப்பா நிற்பது உலகம்மைக்குத் தெரிந்தது. அவர் நிற்பார். நிச்சயம் நிற்பார்.

"யுத்தத்துக்குப் போன என் மகன் ருஷ்யாவிலிருந்து போட்ட கடைசி அட்டையிலும் அந்த ஒரு சொல்தான்" என்றார் மையர் அம்மாள். "இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. அந்தச் சொல்லை யோசித்து அனுப்பு."

மேசையில் காப்பி ஆறியது. உலகம்மை வாய்க்குள்ளேயே சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். ஊரில் கடைக்குப் போகும்போதுகூடச் சொல்கிறது. பள்ளிக்கூடம் போகையில், பையை மாட்டிக்கொண்டே, திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னது. அதில் போவதும் இருக்கிறது, வருவதும் இருக்கிறது. மையர் அம்மாளுக்கும் அதை விளக்கிச் சொன்னாள்.

தபாலாபீஸ்காரர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கேட்டார்: "இது என்ன மொழி?"

"தமிழ். ஒரு எழுத்தும் மாறக் கூடாது, ஐயா."

அவர் ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். போயிட்டு வாரேன்.

வெள்ளி போயிற்று. சனி போயிற்று. ஞாயிறு மாதா கோவில் மணி கேட்டது. மூட்டத்தில் கோபுரம் தெரியவில்லை. ஆஸ்பத்திரி உடுப்பைத் தேய்த்து நாற்காலியில் போட்டிருந்தாள். அதைப் போட்டுக்கொண்டு நாளை இன்னொருவருடைய அப்பாவுக்குத் தலை துவட்டிவிட வேண்டும். இந்தக் கையால் எப்படி என்று இருந்தது.

திங்கட்கிழமை காலை, கிளம்புகிற நேரத்துக்குத் தந்திக்காரர் மணி அடித்தார். தந்தி என்றாலே ஊரில் சாவுதான். வாங்கிய மையர் அம்மாள் அதை இரண்டு கையாலும் நீட்டினார்.

உலகம்மை பிரித்தாள். முதல் சொல்லை எழுத்துக் கூட்டிப் படித்தாள். குளிச்சுட்டேன்.

தலைமுழுகிவிட்டாரா? அவ்வளவுதானா? கண் அடுத்த சொல்லுக்குப் போக மறுத்தது. பிடித்துத் தள்ளித்தான் படித்தாள்.

குளிச்சுட்டேன் போயிட்டு வா.

மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்ன, கெட்ட சேதியா?"

"இல்லை, அம்மா. அப்பா குளித்துவிட்டாராம்."

"குளித்ததற்கா தந்தி?"

"ஆமாம்" என்றாள் உலகம்மை. அழுகைக்கு நடுவே சிரிப்பு வந்துவிட்டது. "குளித்ததற்குத்தான்."

மையர் அம்மாள் கோட்டை எடுத்து விரித்துப் பிடித்தார். இரண்டு கையையும் நுழைத்து, பித்தானைப் போட்டுக்கொண்டு, வாசலுக்கு வந்து, உலகம்மை தமிழிலேயே சொன்னாள்.

"போயிட்டு வாரேன்."

மையர் அம்மாள் தலையை ஆட்டினார். இந்தத் தடவை அவர் அடுப்பைப் பற்ற வைக்கவில்லை.