ஓவர்டைம்

செம்பனை மரங்களையெல்லாம் வெட்டிச் சாய்த்துவிட்ட மொட்டைக் குன்று அது. ஒதுங்க ஒரு புதர்கூட இல்லை. யோங் பெங் பக்கம் மேகம் கறுத்தபோதே சுகந்தினி திரும்பியிருக்க வேண்டும். உச்சியைத் தொடாமல் இறங்குவதில்லை என்ற பாழாய்ப்போன வீம்பு அவளை மேலே இழுத்துவந்துவிட்டது. இப்போது சறுக்கி விழுந்ததில் கணுக்கால் வீங்கிக் கிடந்தது. மழை முகத்தில் அறைந்தது. எதிர்மேட்டில் மின்னல் இறங்கியது. போம்பா எனும் தீயணைப்புப் படையை எத்தனை முறை அழைத்தும் சிக்னல் கிடைக்கவில்லை.

தனியாக மலையேறப் போகிறேன் என்றால் அம்மா ஸ்கூடாய் வீட்டு வாசலைத் தாண்ட விட்டிருக்கமாட்டாள். அதனால், எல்லை தாண்டி தினமும் வேலைக்குப் போகும் சிங்கப்பூரில் ஓவர்டைம் என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

கைப்பேசி திடீரென அதிர்ந்தது. அம்மாதான்.

“அம்மா, நான் மலையில மாட்டிக்கிட்டேன். போம்பாவுக்குப் போன் பண்ணுங்க,” என்று தொண்டை கிழியக் கத்தினாள். காற்று அத்தனையையும் வாரிக்கொண்டு போனது.

“ஒண்ணுமே கேக்கல. எம்ஆர்டி ரயில்ல இருக்கியா? ஒரே இரைச்சலா இருக்கு. இங்க இடியும் மழையுமா கொட்டுது. நல்ல வேளை, நீ சிங்கப்பூர்ல இருக்க. இப்பதான் சாமிக்கு விளக்கு ஏத்தினேன்.”

“நான் சிங்கப்பூர்ல இல்லம்மா.”

“சரி சரி, வேலையப் பாரு. நான் தொந்தரவு பண்ணல.”

பேச்சு அறுந்தது, சிக்னலும் போனது. சேற்றில் உட்கார்ந்து சுகந்தினி மறுபடி மறுபடி பொத்தானை அழுத்தினாள்.

அம்மா நிம்மதியாக இருந்தாள். இனி ராத்திரிவரை யாரும் தேடமாட்டார்கள்.