சண்டை நின்ற வீடு

சோபாக்காரரை அவர் மனைவி திட்டி மூன்று வருஷம் ஆகிறது. அதற்கு முன்னால் அந்த வீட்டுச் சண்டை தெருவுக்கே பொழுதுபோக்கு. குழாய் சொட்டுவதில் தொடங்கினால், அவருடைய அக்கா கல்யாணத்தில் யார் யாருக்கு முகம் கொடுத்துப் பேசவில்லை என்பதுவரை போய்த்தான் நிற்கும். அவளும் விடமாட்டாள், அவரும் விடமாட்டார். கடைசியில் ஒருவருக்குச் சிரிப்பு வந்துவிடும், அதோடு முடிந்தது.

பிறகு அவருக்கு இடுப்பு வலி வந்தது. வந்தது வந்ததுதான், போகவே இல்லை. பழைய சோபாவைப் பிரித்து, ஸ்பிரிங் மாற்றி, பஞ்சு அடைத்து, புதுத் துணி போட்டுத் தருவது அவர் தொழில். ஊரார் சாய்ந்து உட்கார வழி செய்த மனுஷருக்கு அரைமணி சேர்ந்தாற்போல் உட்கார முடியவில்லை. எக்ஸ்ரே, மாத்திரை, பெல்ட் எல்லாம் ஆயிற்று. கடைசியில் எலும்பு டாக்டர், “இதோட வாழப் பழகிக்கணும்” என்று சொல்லி, ஒரு கவுன்சலரிடம் அனுப்பினார்.

அவருக்கு வந்ததே கோபம்! “எனக்கு வலி இடுப்புலயா, மண்டையிலயா? பேசினா வலி போகுமா? அப்படிப் பார்த்தா என் மச்சான் பேசற பேச்சுக்கு ஊர்ல ஒருத்தருக்கும் நோயே இருக்கக் கூடாதே!”

“ஒரு தடவை போய்ப் பார்க்கலாங்க” என்றாள் மனைவி மெதுவாக. இப்போதெல்லாம் அவள் எதைச் சொன்னாலும் மெதுவாகத்தான்.

கவுன்சலருக்கு மகள் வயசுதான் இருக்கும். கேள்வி அவரைக் கேட்டாள், பதில் மனைவியிடமிருந்து வந்தது.

“ராத்திரி தூங்கறீங்களா சார்?”

“எங்க மேடம் தூங்கறார்!”

“கடைக்குப் போறீங்களா?”

“என் தம்பி பார்த்துக்கறான். இவரைச் சுத்தியலைத் தொடவே விடறதில்ல.”

கவுன்சலர் சிரித்துக்கொண்டே மனைவியைக் கொஞ்சம் வெளியே உட்காரச் சொன்னாள். கதவு மூடியதும், “எது இல்லாமப் போனது உங்களுக்கு ரொம்பக் கஷ்டமா இருக்கு?” என்று கேட்டாள்.

தொழில் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். வந்தது வேறு.

“என் பொண்டாட்டி என்னைத் திட்டறதே இல்ல மேடம்.”

சொன்ன பிறகு அவருக்கே தூக்கிவாரிப்போட்டது. அப்புறம் மடை திறந்தாற்போலக் கொட்டினார். “காப்பியைக் கொட்டினா ‘பரவாயில்லங்க’ங்கறா. மகன் போன் பண்ணினா ‘அப்பாகிட்ட எதையும் சொல்லாதே’ங்கறா. வேணும்னே ஈரத் துண்டைக் கட்டில்ல போட்டுப் பார்த்தேன். ம்ஹூம். சத்தமில்லாம எடுத்துக் காயப்போடறா.”

கவுன்சலர் சிரிப்பை அடக்கத் தண்ணீர் குடித்தாள். “இதை அவங்ககிட்டச் சொன்னீங்களா?”

“என்னைத் திட்டுன்னு எவனாவது கெஞ்சுவானா?”

“அடுத்த வாரம் இங்கயே சொல்லுங்க. நான் பக்கத்துல இருக்கேன்.”

வாரம் முழுக்க அவர் இதையே புரட்டிப் புரட்டி யோசித்தார். சொன்னால், தாங்கித் தாங்கிப் பார்த்துக்கொண்டவளை நோகடித்ததாகும். சொல்லாவிட்டால், காலம் பூராவும் கண்ணாடிப் பாத்திரம் மாதிரி அலமாரியிலேயே வைத்துக் காப்பாற்றிவிடுவாள்.

அடுத்த வாரம் கவுன்சலர் அறையில், மனைவியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே, தரையைப் பார்த்தபடி துண்டு உட்பட எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். “நீ திட்டாம இருந்தா, நான் ஏற்கெனவே போய்ச் சேர்ந்துட்ட மாதிரி இருக்குடி.”

மனைவி மடியிலிருந்த கைப்பையை எடுத்துக் கீழே வைத்தாள்.

“டென்ஷன் குடுக்காதீங்கன்னு டாக்டர் சொன்னாரேன்னு மூணு வருஷமா நாக்கைக் கடிச்சுக்கிட்டு இருக்கேன். துண்டை வேணும்னே போட்டீங்களா? வேணும்னேவா?” குரல் ஏறியது. துண்டிலிருந்து மாத்திரைக்குத் தாவினாள், மாத்திரையிலிருந்து தம்பிக்கு. கண்ணீர் அதுபாட்டுக்கு வழிந்தது, வாய் நிற்கவில்லை. “என் தம்பி இல்லேன்னா கடை என்னவாயிருக்கும்?”

“உன் தம்பி தைச்ச சோபா நாலே மாசத்துல பல்லை இளிக்குது! நாளைக்கே நான் கடைக்குப் போறேன்.”

“போங்களேன், யாரு வேண்டாம்னா? கொஞ்ச நேரம் வேலை, கொஞ்ச நேரம் படுக்கை. நான் பக்கத்துலயே நிப்பேன்!”

“நீ நின்னா வேலை நடந்த மாதிரிதான்!”

அடுத்து வரவேண்டியவர் கதவைத் தட்டினார். கவுன்சலர் நடுவில் புகுந்து, “சார், இப்ப வலி எப்படி இருக்கு?” என்று கேட்டாள்.

“அது எங்க மேடம் போகப்போகுது, இருக்கு” என்றார் அவர், மனைவியைவிட்டுக் கண்ணை எடுக்காமல். “அது கொஞ்சம் காத்திருக்கட்டும். இவளுக்கு ஒரு பதில் சொல்லிட்டு வந்துடறேன்.”