ஒரு தேக்கரண்டித் தண்ணீர்

அசனா, பிள்ளையின் வயிற்றுத் தோலை இரண்டு விரலால் மெல்லக் கிள்ளிப் பார்த்தாள். விரலை எடுத்த பிறகும் தோல் மடிந்தபடியே நின்றது. அவளுக்கு விளங்கிவிட்டது. விளங்கியதைச் சொல்லாமல் சட்டையை இழுத்து மூடிவிட்டு, "காத்துப் படாமப் பாத்துக்க புள்ள" என்று மட்டும் சொன்னாள்.

பிள்ளையின் தாய் ஸுல்பிகா அடுத்த வளவுக்காரி. அவள் புருஷன் சரீப் திருகோணமலைத் துறைமுகத்தில் மா மூட்டை இறக்குகிறவன். லீவு கிடைத்தால்தான் வீட்டுக்கு வருவான். இப்போது லீவு கிடைத்தாலும் வர ஏலாது. மாரி மழை விடாமல் பெய்து, மகாவலித் தண்ணீரும் இறங்கி, குறிஞ்சாக்கேணி ஊரை நாலு பக்கமும் வளைத்துக்கொண்டிருந்தது. கிண்ணியாப் பக்கம் போகிற தோணிகளைக் கரையில் ஏற்றிக் கவிழ்த்து வைத்துவிட்டார்கள். கிணற்றுத் தண்ணீரும் வெள்ளத் தண்ணீரும் ஒரே மட்டத்தில் நின்றன. அந்தக் கிணற்றில் அள்ளிக் குடித்த வீடுகளில் ஒன்றுவிட்டு ஒன்றில் வாந்திபேதி. மேட்டுத் தெருவில் ஏற்கெனவே இரண்டு சின்ன ஜனாஸாக்கள் அடக்கத்துக்கு எடுத்தாயிற்று.

அஸீமுக்கு இரண்டு வயது. நேற்றுக் காலையில் வாசலில் நின்ற தண்ணீரில் கோப்பையை மிதக்கவிட்டு விளையாடியவன், இன்று பாயில் கிடந்தான். கண் இரண்டும் உள்ளே போய், கன்னம் ஒட்டி, ஒரு கிழவனின் முகம் அவனுக்கு வந்திருந்தது. அழுதான், ஆனால் சத்தம் வரவில்லை. வாய் மட்டும் திறந்து மூடியது. ஸுல்பிகா அவன் உதட்டில் ஈரத் துணியை ஒற்றினாள். அவன் துணியைக் கவ்வி உறிஞ்சினான். அசனா துணியை மெல்ல இழுத்து எடுத்தாள்.

"தண்ணி குடுக்காத புள்ள. குடுத்தா இன்னும் போகும். உள்ள தண்ணி நிக்கக்கூடாது."

ஊரில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி அது. அசனாவுக்கு அவளுடைய உம்மா சொன்னது, நாட்டு வைத்தியம் பார்க்கிற பரிசாரி சொன்னது, பிள்ளை பெற்ற ஒவ்வொருத்தியும் சொன்னது. ஓடுகிற வயிற்றுக்குத் தண்ணீர் ஆகாது.

அப்போதுதான் முழங்கால் வரை சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கமலாதேவி மிஸ்ஸி வந்தார். திருகோணமலை ரவுணிலிருந்து ஒரு பிரசவம் பார்க்க வந்த மருத்துவிச்சி, வெள்ளத்தில் அகப்பட்டு, பிள்ளை பெற்றவள் வீட்டிலேயே தங்கிவிட்டவர். அவருடைய பையில் பஞ்சும் கத்தரியும் டெட்டோல் போத்தலும்தான் இருந்தன. பிள்ளையைப் பார்த்தார். நாடியைப் பிடித்தார். பிடித்த கையை வெகுநேரம் விடவில்லை.

"சேலைன் ஏத்தவேணும்" என்றார். பிறகு வெளியே கிடந்த தண்ணீரைப் பார்த்தார். "அதுக்கு இப்ப வழியில்லை. ஆரிட்டயும் சீனி இருக்கோ?"

ஸுல்பிகா இல்லை என்று தலையாட்டினாள். அது பாணுக்கும் அரிசிக்கும் விடியமுன்னே கியூவில் நிற்கிற காலம். சங்கக்கடையில் சீனி வந்தால் ஒரு சிறங்கை, வராவிட்டால் அதுவும் இல்லை. கருப்பட்டித் துண்டைக் கடித்துக்கொண்டு வெறுந்தேத்தண்ணீர் குடிக்க ஊர் பழகிவிட்டது. சீனி என்ற சொல்லே வீட்டுக்குள் கேட்டு வெகுநாளாகியிருந்தது.

"என்னத்துக்கு மிஸ்ஸி?" என்று அசனா கேட்டாள்.

"கொதிச்சாறின தண்ணியிலை சீனியும் உப்பும் கலந்து குடுக்கவேணும். கொஞ்சம் கொஞ்சமா."

"தண்ணி குடுத்தா புள்ள போயிரும்."

"குடுக்காட்டித்தான் போயிடும் ராத்தா." கமலாதேவி மிஸ்ஸி குரலைத் தாழ்த்தினார். "நானும் இதைச் செய்து பாத்ததில்லை. ஆஸ்பத்திரியிலை வகுப்பு வைச்சுச் சொல்லித் தந்தவை. வங்காளத்து அகதி முகாமிலை சேலைன் முடிஞ்சுபோக, இப்பிடிக் குடுத்துத்தான் கனபேரைத் தப்ப வைச்சவையாம். எனக்கும் முழு நம்பிக்கை எண்டு சொல்லமாட்டன். ஆனா வேறை ஒண்டும் இல்லை."

அசனா எழும்பித் தன் வீட்டுக்குப் போனாள். வேலி இடுக்கால் நுழைந்து நேரே உள்ளறைக்குப் போனாள். அவளுடைய அலுமாரிக்குள், மகள் பரீனாவின் கலியாணச் சேலைக்குப் பின்னால், எறும்பு ஏறாமல் தண்ணீர்த் தட்டில் வைத்த பால்மா டின் ஒன்று இருந்தது. கூப்பனுக்குக் கிடைத்த சீனியை வீட்டில் ஒருத்தர் நாக்கிலும் வைக்காமல், மாசக்கணக்காகச் சேர்த்தது. மாப்பிள்ளை வீட்டார் வரும் நாளில் அவர்களுக்குச் சர்பத்தும் சீனி போட்ட தேத்தண்ணீரும் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் காலத்துக்கும் சொல்லிக் காட்டுவார்கள்.

பரீனா அலுமாரி திறக்கிற சத்தம் கேட்டு வந்தாள்.

"உம்மா, அத எடுக்கப் போறீங்களா?"

"ஓம்."

"எல்லாத்தையுமா?"

அசனா டின்னை வெளியே எடுத்தாள். சீனித் தண்ணீர் பிள்ளையைக் காப்பாற்றும் என்று அவள் ஒரு துளியும் நம்பவில்லை. அவள் நினைத்தது வேறு. ஸுல்பிகா பால் கொடுத்த நெஞ்சோடு உட்கார்ந்திருக்கிறாள், பிள்ளை இன்றைக்குப் போய்விடும். போகிற பிள்ளை வாயில் இனிப்போடு போகட்டும். அவளுடைய மகன் ஜவாஹிர் அப்படிப் போகவில்லை. அவன் தண்ணீர் தண்ணீர் என்று கேட்டுக்கொண்டு போனான். அவளும் எல்லோரும் சொன்னபடி துணியை நனைத்து உதட்டில் மட்டும் ஒற்றினாள். அது பரீனா பிறப்பதற்கு முந்திய வெள்ளத்தில். அவன் பெயரை அவள் வாயால் சொல்லி வருஷக்கணக்காகிறது.

டின்னைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு திரும்பி வந்தாள். மிஸ்ஸி கொதித்து ஆறின தண்ணீரை ஒரு போத்தலில் அளந்து சட்டியில் ஊற்றி, சீனியைக் கரண்டியால் போட்டார். பிறகு ஒரு சிட்டிகை உப்பு. "வாயிலை வைச்சுப் பாருங்கோ ராத்தா. கண்ணீரை விட உப்புக் கூடப்படாது எண்டு சொன்னவை."

அசனா விரலைத் தோய்த்து நாக்கில் வைத்தாள். கண்ணீரின் உப்பு அவளுக்குத் தெரியாததல்ல. "சரி" என்றாள்.

முதல் கரண்டி உள்ளே போனதும் வெளியே வந்துவிட்டது. இரண்டாவதும் வந்துவிட்டது. ஸுல்பிகா தலையில் அடித்துக்கொண்டாள். அசனா மிஸ்ஸியைப் பார்த்தாள். 'நான் சொன்னேனே' என்ற பார்வைதான் அது. ஆனால் அந்தப் பார்வைக்குள்ளே வெற்றி ஒன்றும் இல்லை. மிஸ்ஸியின் முகம் வெளிறியிருந்தது. சட்டியைக் கீழே வைத்துச் சற்று இருந்தார். பிறகு கரண்டியைத் திரும்பவும் எடுத்தார்.

"சத்தி எடுத்தாலும் விடக்கூடாது எண்டு சொன்னவை. கொஞ்சம் பொறுத்துப் பொறுத்துக் குடுக்கவேணும்."

பிறகு தேக்கரண்டியில் பாதி. அதிலும் பாதி. உதட்டோரத்தில் வைத்து, ஊறி உள்ளே போகும் வரை பார்த்திருந்து, அடுத்தது. மிஸ்ஸி கரண்டியை மற்றக் கைக்கு மாற்றியதும் அசனா அதை வாங்கிக்கொண்டாள். பிள்ளையை மடியில் சாய்த்து வைத்தாள். ஊற்றினாள், பொறுத்தாள், ஊற்றினாள். வயிற்றால் இன்னும் போய்க்கொண்டுதான் இருந்தது. ஸுல்பிகா துணி மாற்றினாள், இவள் ஊற்றினாள். நடுப்பகல் லுஹர் பாங்கு வெள்ளத்தின் மேலால் ஈரமாகக் கேட்டது. ஊற்றினாள். எப்போது என்று தெரியாது, எதிரே பரீனா வந்து உட்கார்ந்திருந்தாள். இவளுக்குக் கை மரத்தபோது கரண்டியை வாங்கி அவளும் ஊற்றினாள். அவள் கையிலிருந்து ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை.

ஒரு கட்டத்தில் அசனாவுக்கு இது பைத்தியக்கார வேலையாகப் பட்டது. வெளியே கடல் மாதிரி வெள்ளம் ஓடுகிறது. இங்கே ஒரு பிள்ளைக்குள் வற்றிப்போனதைக் கரண்டியால் நிரப்பிக்கொண்டிருக்கிறோம். நிரம்புமா? ஆனால் கை நிற்கவில்லை. அந்தச் சின்ன வாய், கரண்டி கிட்ட வருமுன்னே திறக்கத் தொடங்கியிருந்தது. குருவிக் குஞ்சு தாயைக் கண்டு வாய் திறக்கிற மாதிரி. நான்கு பெண்களும் அதைக் கண்டார்கள். பேசினால் கலைந்துவிடும் என்று பயந்தார்கள்.

பின்னேரம் அஸர் பாங்குக்குப் பிறகு பிள்ளையின் கை அசைந்தது. அசனாவின் சட்டைக் கையைப் பிடித்தது. பிடித்த விரல்களில் சூடு இருந்தது. காலையிலிருந்து மீன் மாதிரிக் குளிர்ந்து கிடந்த விரல்கள். அவள் அந்த விரல்களையே பார்த்திருந்தாள். பள்ளமாகக் கிடந்த கண்கள் எப்படி மேலே வந்தன, எந்த நேரத்தில் வந்தன என்று அவளுக்குத் தெரியவில்லை. கண் வெட்டாமல் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள், ஆனாலும் தெரியவில்லை. விடியற்காலையில் இருட்டு எந்த இடத்தில் வெளிச்சமாகிறது என்று சொல்ல ஏலாத மாதிரி, அந்தக் கிழவன் முகத்திலிருந்து அஸீம் மெல்ல மெல்ல வெளியே வந்துகொண்டிருந்தான்.

பிறகு அவளுடைய மடி சூடாகியது.

முதலில் அவளுக்கு என்னவென்று விளங்கவில்லை. சேலை நனைந்து, ஈரம் தொடை வழியாக இறங்கிப் பாயில் பரவியது. மிஸ்ஸி குனிந்து பார்த்தார். விரலால் தொட்டுப் பார்த்தார்.

"மூத்திரம் போயிட்டான்" என்றார். "ராத்தா, பிள்ளை மூத்திரம் போயிட்டான். தண்ணி உள்ளை நிண்டிட்டுது."

நான்கு பெண்களும் அந்த ஈரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாயில் பரவிய ஒரு சின்ன ஈரம். அல்லாஹ்வே என்று ஸுல்பிகா முணுமுணுத்தாள். கமலாதேவி மிஸ்ஸி சுவரில் சாய்ந்து கையால் முகத்தைப் பொத்திக்கொண்டார். "மெய்தான்" என்று தனக்குத்தானே சொன்னார். "அவை சொன்னது மெய்தான்."

அசனாவுக்கு அழுகை வரவில்லை. அவளுக்கு வந்தது பயம் மாதிரி ஒன்று. பெரிய ஒன்றின் வாசலில் தெரியாமல் வந்து நின்றுவிட்டது போல. தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு, கொஞ்சம் சீனி. இவ்வளவுதானா? உயிரோடிருப்பதற்கும் மையித்தாய்க் கிடப்பதற்கும் நடுவில் கிடந்தது இவ்வளவுதானா? இது எத்தனை காலமாக இப்படியே இருந்தது? அவளுடைய குசினியிலும் அந்தப் பழைய வெள்ளத்தின்போது உப்பு இருந்தது. அந்த வருஷம் கடையில் வேண்டிய மட்டும் சீனியும் இருந்தது. தண்ணீர் நாலு பக்கமும் இருந்தது. இருந்தும் ஒருத்தருக்கும் தெரியாமல் இருந்தது. அவள் அந்த நினைப்பை அதற்கு மேல் போகவிடவில்லை. அது போகிற இடம் எங்கே என்று அவளுக்குத் தெரியும். அங்கே தனியாகத்தான் போக வேண்டும், இன்றைக்கில்லை.

பிள்ளையைத் தாயின் மடிக்கு மாற்றினாள். அஸீம் உம்மாவின் நெஞ்சைத் தேடி முகத்தைப் புதைத்தான். ஸுல்பிகா அசனாவின் கையைப் பிடித்துத் தன் கன்னத்தோடு வைத்துக்கொண்டாள். பரீனா எழும்பி, நனைந்த பாயைச் சுருட்டி வெளியே கொண்டுபோனாள்.

"இனியும் குடுக்கவேணும்" என்றார் மிஸ்ஸி. "வயித்தாலை போகிற மட்டும் விடாமக் குடுக்கவேணும். மற்ற வீடுகளுக்கும் சொல்லவேணும். தண்ணியைக் கொதிக்க வைக்கச் சொல்லவேணும்."

"நான் சொல்றன்" என்றாள் அசனா. "நான் சொன்னாக் கேப்பாங்க. குடுக்காதீங்கன்னு இவ்வளவு நாளும் சொல்லித் திரிஞ்சவள் நாந்தானே."

வாசலுக்கு வந்தாள். மழை ஓய்ந்திருந்தது. வானம் மேற்கில் ஓரிடத்தில் கிழிந்து, அந்த வெளிச்சம் வெள்ளத்தின் மேல் கிண்ணியா வரைக்கும் விழுந்து கிடந்தது. மண்ணிற நீர், மரக்கிளைகளையும் செத்த ஆட்டையும் யாரோ வீட்டுச் சாய்வுக் கதிரையையும் ஏந்திக்கொண்டு சத்தமில்லாமல் கொட்டியாரக் குடாக் கடலை நோக்கிப் போனது. மேட்டுத் தெருப் பக்கமிருந்து ஒரு மனிதன் இடுப்பளவு தண்ணீரில் நடந்து வந்துகொண்டிருந்தான். தோளில் ஒரு பிள்ளை துணி மாதிரித் தொங்கியது. ஒவ்வொரு அடியையும் தடவித் தடவி வைத்தான். அவனுக்குப் பின்னால் இன்னொரு பெண், அவள் இடுப்பிலும் ஒன்று.

அசனா உள்ளே திரும்பினாள். அடுப்புக்கு முன்னால் குந்தி, ஈர விறகை ஒன்றோடொன்று சேர்த்து வைத்து, நெருப்புப் பிடிக்கும் வரை ஊதிக்கொண்டிருந்தாள்.