நாலரையா, மூணேமுக்காலா?

ராம்கியின் செல்போன் ஒர்க்‌ஷாப் மேஜையில் சார்ஜரோடு கிடந்தது. ராம்கி இல்லை. அவனுடைய கறுப்பு கான்டசா காரும் இல்லை.

மெக்கானிக் பாண்டிச்செல்வம் வாசலுக்கு ஓடி ரோட்டை எட்டிப் பார்த்தான்.

கொஞ்ச நேரத்துக்கு முன்னால்வரை எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ராம்கி சாவியை வாங்கினான், வண்டியை எடுத்தான், மதுரை ரோட்டில் பறந்துவிட்டான். ஆட்டோவுக்கு பிரேக் பார்க்க வந்திருந்த சங்கையாதான் காதைக் குடைந்துகொண்டே கேட்டார்.

“என்ன பாண்டி, உன் மச்சினன் வண்டி இந்தக் கத்து கத்துது?”

“புது பல்சக்கரம்லா அண்ணாச்சி. ஓட ஓடச் சரியாயிரும்.”

சொல்லி வாயை மூடியபோதுதான் உறைத்தது. இதையேதான் ராம்கியிடமும் சொல்லியிருந்தான். ‘கொஞ்ச நாளைக்குச் சத்தம் போடும் மாப்ள. கண்டுக்காத. நீ பாட்டுக்கு மிதி.’

மிதி!

போனைப் போட்டு நிறுத்தச் சொல்லலாம் என்று எண்ணை அழுத்தினால், மேஜைமேலேயே மணி அடிக்கிறது.

விஷயம் இதுதான். ராம்கி பாண்டிச்செல்வத்தின் மனைவி மாரிக்கனியின் தம்பி. பீரங்கிப் படையில் இருக்கிறான். லீவுக்குச் சேத்தூர் வந்தால் அவனுக்கு அந்தக் கான்டசாதான் உலகம். பெட்ரோல் இன்ஜின், பின்சக்கர இழுவை, ஓடுகிற காலத்தில் ஓட்டம் என்றால் ஓட்டம். இந்தத் தடவை பின் ஆக்சிலில் பல் தேய்ந்து ஊளையிட ஆரம்பித்திருந்தது. பாண்டிச்செல்வம் மதுரையில் பழைய இரும்புக் கடைகளை அலசி இரண்டு ஜோடி பல்சக்கரம் கொண்டுவந்தான்.

ஒன்று நாலரை. சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற, முன்னாலிருந்து வரும் ஷாஃப்ட் நாலரைச் சுற்று சுற்ற வேண்டும். கிளம்பும்போது குதித்துக் கிளம்பும், பிளவக்கல் அணை மேடானாலும் மூச்சு வாங்காது. ஆனால் சமதரையில் வேகம் ஏற ஏற இன்ஜின் கதறும். இன்னொன்று மூணேமுக்கால். கிளம்பும்போது கொஞ்சம் சோம்பல். ஓட்டம் பிடித்துவிட்டாலோ, இன்ஜினுக்கு அலுப்பே தெரியாமல் வண்டி பறக்கும்.

ராம்கி ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. “மூணேமுக்காலைப் போடுங்க மச்சான். திருமங்கலத்துல நாலுவழிச் சாலை ஏறுனா நூத்திநாப்பதுல வச்சு அமுக்கணும்.”

மாரிக்கனி முந்தின நாள் மதியச் சாப்பாட்டின்போது கரண்டியை நீட்டி உத்தரவு போட்டாள். “அவன் கேட்டான்னு எமனை எடுத்துப் பூட்டுவியளா? நாலரையவே போடுங்க. அவன்கிட்ட மூணேமுக்கால்னு சொல்லிருங்க. வண்டி ஓடலைன்னா அவனா அடங்கிருவான். மூடி போட்டு இறுக்கிட்டா உள்ள என்ன கெடக்குன்னு யாருக்குத் தெரியப் போவுது?”

பாண்டிச்செல்வத்துக்கும் அது கெட்டிக்கார யோசனையாகத்தான் பட்டது. மெதுவான பல், மெதுவான வண்டி, பத்திரமான மச்சினன்.

எத்தனை பெரிய மடத்தனம்! பல் மெதுவானதுதான். மிதிக்கிற கால் மெதுவானதா? உள்ளே மூணேமுக்கால் இருக்கிறது என்று நம்பி நூற்றுநாற்பதுக்கு மிதிப்பான். நாலரையில் அது இன்ஜின் தாங்காத சுற்று. அந்த வண்டியில் இன்ஜின் சுற்றைக் காட்டும் ஆர்.பி.எம். முள் செத்து வெகுநாள் ஆயிற்று. எச்சரிக்க மிச்சம் இருந்தது இன்ஜின் சத்தம் ஒன்றுதான். அதையும் கண்டுகொள்ளாதே என்று வாயாலேயே அடைத்தாயிற்று. இன்ஜினுக்குள் ஒரு ராடு முறிந்து அதன் சுவரைப் பொத்துக்கொண்டு வந்தால், பின்சக்கரம் அந்த வேகத்தில் அப்படியே இறுகிக்கொள்ளும். அப்புறம் கார் எந்தப் பக்கம் போகும் என்று யார் சொல்வது?

“அண்ணாச்சி, கடையைப் பாத்துக்கிடுங்க!”

பைக்கை உதைத்துத் திருப்பினான். வாசலில் தூக்குவாளியோடு மாரிக்கனி வந்து நின்றாள்.

“சோறு கொண்டாந்தா எங்கிட்டு ஓடுதிய?”

“ஏறுட்டி பின்னால!”

“எதுக்கு?”

“உன் தம்பியப் பிடிக்கணும். நாலுவழிச் சாலைக்கு முன்னால பிடிக்கணும்.”

அவன் முகத்தைப் பார்த்தாள். வாளியைச் சங்கையா கையில் திணித்துவிட்டு ஏறி உட்கார்ந்தாள். ராஜபாளையம் எல்லை தாண்டுவதற்குள் பாண்டிச்செல்வம் விஷயத்தைக் காற்றில் கத்திக் கத்திச் சொல்லி முடித்தான்.

“அப்போ நாலரைதான் ஆபத்தா?” அவள் குரல் கீச்சிட்டது.

“நாலரை ஆபத்தில்லட்டி. நாலரையப் போட்டுட்டு மூணேமுக்கால்னு சொன்னோம்லா, அதான் ஆபத்து.”

“மெக்கானிக் நீங்களா, நானா? நான் ஒரு கூறுகெட்டவ, சொன்னேன். நீங்க எதுக்குக் கேட்டிய?”

“என்னைக்கு நான் கேக்காம இருந்திருக்கேன்?”

“இப்ப ரோட்டப் பாத்து ஓட்டுங்க!” அவன் சட்டையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

முன்னால் பஞ்சு மூட்டை ஏற்றிய லாரி ஒன்று மலைபோல் அசைந்து போனது. எதிரில் பஸ். இந்தப் பக்கம் ஒதுங்கினால் மண். பாண்டிச்செல்வம் மண்ணில் இறங்கி, ஒரு குலுக்குக் குலுக்கி, லாரியைத் தாண்டி மேலே ஏறினான். மாரிக்கனி ஆண்டாளை ஒரு தடவையும் புருஷனை இரண்டு தடவையும் கூப்பிட்டாள்.

மடவார்வளாகம் நெருங்கியது. தூரத்தில் ஆண்டாள் கோயில் கோபுரம் தெரிந்தது. கறுப்புக் கார் மட்டும் தெரியவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் நெரிசலையும் தாண்டிப் போயிருந்தால் இந்த ஓட்டை பைக்கில் பிடிக்கிற கதை இல்லை.

“ஏங்க! அந்தா!”

சாலையின் இடப்பக்கம், வயல் ஓரமாக, கான்டசா நின்றது. ஓட்டுநர் பக்கக் கதவு விரியத் திறந்து கிடந்தது. உள்ளே ஆள் இல்லை.

பாண்டிச்செல்வம் பைக்கை ஸ்டாண்டு போடவில்லை. அது பாட்டுக்கு விழுந்தது. காரின் அடியில் பார்த்தான். எண்ணெய் ஒழுகவில்லை. பானெட்டில் கையை வைத்தான். சூடு, அவ்வளவுதான். அப்படியென்றால் இவன் எங்கே?

“ராம்கீ!” மாரிக்கனி வயலைப் பார்த்து அலறினாள்.

வரப்புக்கு அந்தப் பக்கம் பம்ப்செட் தொட்டியிலிருந்து ஒரு தலை நிமிர்ந்தது. கொட்டுகிற தண்ணீருக்கடியில் இவ்வளவு நேரம் தலையைக் கொடுத்துக்கொண்டு நின்றவன், இரண்டு காதையும் உள்ளங்கையால் பொத்தியபடி விழித்தான். சட்டையெல்லாம் சொட்டச் சொட்ட ஈரம்.

“அக்கா? நீ எங்க இங்கிட்டு?”

பாண்டிச்செல்வம் அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டான். மாரிக்கனி ஓடிப்போய்த் தம்பியின் ஈர முதுகில் ஓங்கி ஒரு அறை வைத்தாள். அடுத்த கணம் அதே கையால் அவன் தலையைத் தன் சேலைத் தலைப்பால் துவட்டினாள்.

“எம்புட்டு வேகத்துலலே போன?”

“அறுபதைத் தாண்டலக்கா. தாண்ட முடியல.” ராம்கி மச்சானைப் பார்த்துத் தயங்கினான். “கோவிச்சுக்கிடாதிய மச்சான். நீங்க மாட்டுன செட்டு ராசியில்ல. முன்னைக்கு இப்ப சத்தம் ரெண்டு பங்கு.”

பாண்டிச்செல்வம் எழுந்து தொட்டிக்குப் பக்கத்தில் வந்தான். “மாப்ள, அதுல இருக்கது மூணேமுக்கால் இல்ல. நாலரை. நீ வேகமாப் போயிரக் கூடாதுன்னு மாத்திப் போட்டேன். உன்கிட்டப் பொய் சொன்னேன். நீ நூத்திநாப்பது மிதிச்சிருந்தா இன்னைக்கு...”

“நான்தாம்லே போடச் சொன்னேன். அவியளத் திட்டாத,” என்றாள் மாரிக்கனி குறுக்கே பாய்ந்து.

ராம்கி திட்டவில்லை. தொட்டிச் சுவரில் உட்கார்ந்து சட்டை நுனியைப் பிழிந்தான். பிறகு மெல்லச் சிரித்தான்.

“நூத்திநாப்பதா? யாரு மச்சான் போகப் போறா? எனக்குச் சத்தம் ஆகல. பீரங்கிப் பக்கத்துலயே நின்னு நின்னு ரெண்டு காதுக்குள்ளயும் வண்டு பூந்த மாதிரி ஒரே இரைச்சல். மெஸ்ஸுல ஒரு தட்டு விழுந்தாக்கூட மண்டைக்குள்ள போய்க் குத்துது. இந்த வண்டில எம்பது போனாலே இன்ஜின் இரையுது, அன்னைக்கு முழுக்கத் தூக்கம் கிடையாது. மூணேமுக்கால் போட்டா அதே எம்பதுல இன்ஜின் அமைதியா இருக்கும்லா? அதுக்குத்தான் கேட்டேன்.”

“அதை வாயத் தொறந்து சொல்லிருக்கலாம்லாலே!” என்றாள் அக்கா.

“நல்லாருக்கே! பட்டாளத்துக்காரன், இவ்வளவு பெரிய வண்டிய வச்சுக்கிட்டு, சத்தம் கம்மியா இருக்கணும்னு எப்படிக் கேக்க? ஊரே சிரிக்கும். நூத்திநாப்பதுன்னு சொன்னா ஒருத்தனும் ஏன்னு கேக்க மாட்டான்.”

மாரிக்கனி அவன் இரண்டு காதையும் மாறி மாறிப் பார்த்தாள், வெளியிலிருந்தே ஏதாவது தெரிந்துவிடும் என்பதுபோல. “டாக்டர்ட்ட காட்டுனியா?”

“போறேன்க்கா.”

“போறேன் இல்ல. நாளைக்கே. நான் கூட வாரேன்.”

திரும்பும்போது மாரிக்கனி காரில் ஏறிக்கொண்டாள். கார் நாற்பதில் முன்னால் போக, பாண்டிச்செல்வம் பைக்கில் பின்னால் போனான். எவ்வளவு மெதுவாகப் போனாலும் அவனுக்கு அலுக்கவில்லை. காரின் பின்கண்ணாடி வழியாக அக்காவும் தம்பியும் கையை ஆட்டி ஆட்டிச் சண்டை போடுவது தெரிந்தது. பார்க்கப் பார்க்க நெஞ்சு லேசாகிக்கொண்டே வந்தது.

மறுநாள் காலையிலேயே ஆக்சில் மூடியைக் கழற்றினான். நாலரையை எடுத்து ராம்கியின் கையிலேயே கொடுத்தான். மூணேமுக்காலை அவன் கண்முன்னால் வைத்துப் பல்லோடு பல் சரியாகப் பதிகிறதா என்று சாயம் தடவிப் பார்த்துப் பூட்டினான். வேகம் காட்டும் முள் பொய் சொல்லக் கூடாது என்று கியர்பாக்ஸில் அதற்கான சின்னப் பல்லையும் மாற்றினான். எந்த முள்ளும் எந்த ஆளும் இனிப் பொய் சொல்ல வேண்டாம்.

பிறகு மூன்று பேருமாகக் கிளம்பினார்கள், ஸ்ரீவில்லிபுத்தூரில் காது டாக்டரைப் பார்க்க. ராம்கி ஓட்டினான். பாண்டிச்செல்வம் பக்கத்தில். மாரிக்கனி பின்சீட்டில் முறுக்குப் பையோடு.

ஊரைத் தாண்டியதும் வண்டி மெல்ல வேகம் பிடித்தது. இன்ஜின் அடித்தொண்டையில் ஏதோ முனகியது. அவ்வளவுதான். சாலையோரத்துத் தென்னைகள் ஓசைப்படாமல் பின்னால் ஓடின. ராம்கியின் புருவத்தில் எப்போதும் கிடக்கும் முடிச்சு அவிழ்ந்திருந்தது. ஸ்டீரிங்கை இரண்டு விரலால் பிடித்திருந்தான்.

பின்சீட்டிலிருந்து முறுக்குக் கடிபடும் சத்தம் தெளிவாகக் கேட்டது. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்த மாரிக்கனி முன்னால் சாய்ந்தாள்.

“ஏலே, என்ன மாட்டுவண்டி கணக்கா உருட்டுத? டாக்டர் போயிருவாரு. செத்த வெரசாத்தான் போயேன்!”

ராம்கி முள்ளைப் பார்த்தான். எண்பத்தைந்து. அப்படியே ஓரக்கண்ணால் மச்சானைப் பார்த்தான். பாண்டிச்செல்வம் சட்டென்று ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தான்.