துரு எடுக்கும் சாறு

எலிகளுக்கு ஊசி போட்டுச் சர்க்கரை நோயை வரவழைத்து, பிறகு இலைச்சாறு கொடுத்துப் பார்க்கும் ஆய்வுக்கூடம் அது. அங்கே கூண்டு கழுவுகிறவரை எல்லோரும் மாமா என்றுதான் கூப்பிடுவார்கள். அவருக்கும் சர்க்கரை. காலில் ஆறாத புண். துணியைச் சுற்றி ரப்பர் பூட்ஸுக்குள் திணித்துக்கொண்டு வருவார்.

"அந்தச் சாறு என்னம்மா பண்ணும்?" என்று ஆய்வு செய்யும் பெண்ணை ஒருநாள் கேட்டார்.

"சர்க்கரை கூடினா உடம்புக்குள்ள துரு ஏறுற மாதிரி ஒரு கேடு வரும் மாமா. இலையில இருக்கறது அதைத் தடுக்குதான்னு பாக்கறேன்."

'பாக்கறேன்' என்பதை மட்டும் அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மேல்தட்டுக் கூண்டில் ஓர் எலி கொழுகொழுவென்று தேறிவந்தது. அதற்கு மாப்பிள்ளை என்று பேர் வைத்தார். கீழ்த்தட்டு எலிகள் எலும்பும் தோலுமாகக் கிடந்தன. சாறு குடித்துத்தான் மாப்பிள்ளை தேறினான் என்று அவராகவே முடிவு கட்டினார். மருந்து கொடுப்பது மாலையில், அவர் வீட்டுக்குப் போன பிறகு. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நம்மாளுக்கு அந்த வழக்கம் ஏது? தன் இன்சுலினை நிறுத்திவிட்டு, குளிர்பெட்டியில் இருந்த சாற்றைத் தினமும் திருட்டுத்தனமாகக் குடித்தார். குறைந்தது தெரியாமலிருக்கத் தண்ணீர் ஊற்றி நிரப்பினார்.

ஆய்வு முடிந்த அன்று அவள் மாப்பிள்ளையைக் கூண்டிலிருந்து எடுத்தாள்.

"நல்லாத் தேறினவனை எதுக்கும்மா கொல்லணும்?"

"ஈரலை அரைச்சுப் பாத்தாத்தான் மாமா, உள்ள எவ்வளவு கெட்டிருக்குன்னு தெரியும்."

"எனக்குத் தெரியும்மா. நானும் அந்தச் சாறுதான் குடிக்கறேன். ஊசியையே விட்டுட்டேன்!" முகமெல்லாம் சிரிப்பு.

அவள் கை அப்படியே நின்றது. "இவனுக்குப் போட்டது இன்சுலின். ஒப்பிட்டுப் பாக்கறதுக்கு. சாறு குடிச்சது கீழ்த்தட்டு."

மாமா கீழ்த்தட்டைப் பார்த்தார். பிறகு தன் பூட்ஸைப் பார்த்தார். ஐயோ பாவம் என்று ஒரு வார்த்தை அவள் வாயில் வரவில்லை.

"எவ்வளவு தண்ணி ஊத்தினீங்க?" என்றுதான் கேட்டாள்.

மாப்பிள்ளையின் ஈரலை அன்றைக்கே அரைத்தாகிவிட்டது. மாமாவின் காலை அந்த வாரமே முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

அடுத்த வாரம் அவர் மனைவி கையில் காலி பாட்டிலோடு வந்து நின்றாள்.

"அந்தச் சாறு மிச்சம் இருந்தா கொஞ்சம் குடும்மா. இன்னொரு காலாவது தப்பிக்கட்டும். கேக்கும்தானே?"

"தெரியாது அத்தை." பாட்டிலை வாங்க அவள் கை நீட்டவில்லை. "அதைத் தெரிஞ்சுக்கத்தான் இத்தனை எலியைக் கொன்னேன். மாமா தண்ணி ஊத்திட்டாரே."