மூத்தவள் எடுத்த சீட்டு

அந்தக் குடும்பத்தில் எது நடந்தாலும் முதல் சேதி மூத்த மருமகளுக்குத்தான் போக வேண்டும். இருபத்தாறு வருடமாக அதுதான் நடைமுறை. கீழே மூக்குக்கண்ணாடிக் கடை, மேலே வீடு. கடையில் அவள் அளவுகோலைப் பிடித்து இரண்டு கண்மணிகளுக்கும் நடுவே உள்ள தூரத்தை அளந்தால் அரை மில்லிமீட்டர் பிசகாது. வீட்டில் அவள் சொல்லும் சொல்லும் அப்படித்தான். யாரும் மறு அளவு எடுத்துப் பார்த்ததில்லை.

அப்படிப்பட்ட வீட்டுக்குள் கொழுந்தன் மனைவி, சின்னவள், ஒரு சீட்டுக்கட்டைக் கொண்டுவந்தாள். டாரோட் சீட்டாம், ஏதோ வெளிநாட்டு ஜோசியமாம். எழுபத்தெட்டு சீட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு படம். காலையில் கடை திறக்குமுன் கட்டைக் கலைத்துச் சாப்பாட்டு மேசைமேல் வைப்பாள். மேல் சீட்டைத் திருப்பிக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு நோட்டில் ஏதோ எழுதுவாள். மூத்தவள் அதைக் கண்டும் காணாமல் விட்டாள். பைத்தியம் தானே தெளியும் என்று நினைத்தாள்.

ஆட்டைக் கடித்து மாட்டைக் கடித்து, கடைசியில் அது அவள் பெற்ற மகளையே கடித்தது.

மகள் எழுந்ததும் நேரே சித்தியிடம் போய் உட்கார்ந்துவிடுகிறாள். சீட்டு எடுக்கிறாள், இரண்டு பேரும் தலையோடு தலை வைத்துக் குசுகுசுவென்று பேசுகிறார்கள். ஒரு நாள் மகள் விசும்புவதுகூட மூத்தவளின் காதில் விழுந்தது. உள்ளே போனாள். பேச்சு நின்றது.

"என்னடி?"

"ஒண்ணுமில்லமா."

பத்து மாதம் சுமந்தவளுக்கு ஒன்றுமில்லை, நேற்று வந்தவளுக்கு எல்லாம் உண்டு. நேற்று வந்தவள் வந்து ஒன்பது வருடம் ஆயிற்று என்பது வேறு. வயிற்றெரிச்சலுக்கு நாள்கணக்கு தெரியாது. அன்று லென்ஸில் மையப்புள்ளி வைக்கும்போது கை பிசகி, தேய்த்த கண்ணாடி வீணாயிற்று. புருஷன் பார்த்துவிட்டு வேறு கண்ணாடியை எடுத்து நீட்டினார். ஏனென்று கேட்டிருந்தால் தேவலை.

மறுநாள் சின்னவள் கட்டைக் கலைத்து வைத்த நேரம், உள்ளே போன் அடித்தது. அவள் எழுந்து போனாள். மேசையருகே வேறு யாரும் இல்லை.

மூத்தவள் மடமடவென்று சீட்டுகளைத் தள்ளிப் பார்த்தாள். கோமாளி வேண்டாம். இடிந்து விழும் கோபுரம் வேண்டவே வேண்டாம். சிம்மாசனத்தில் நிமிர்ந்து உட்கார்ந்து, வாளை நட்டக்குத்தலாகப் பிடித்திருந்தாள் ஒரு ராணி. இவள்தான் சரி. இதற்குப் பலன் சொல்ல ஆரம்பித்தால், இந்த வீட்டின் ராணி யார் என்பதைச் சின்னவள் தன் வாயாலேயே சொல்லியாக வேண்டும். மகள் கேட்கட்டும். ராணியைக் கட்டின் தலையில் வைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

பின்னால் வந்த புருஷன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டார். "அட, நீயுமா! இன்னைக்கு வெளிய போறவங்க குடை எடுத்துக்குங்கப்பா."

"நீங்க சும்மா இருங்க."

போன் பேசிவிட்டுச் சின்னவளும், கூடவே மகளும் வந்து உட்கார்ந்தார்கள். மூத்தவள் மேல் சீட்டைப் புரட்டி, சின்னவள் பக்கம் நகர்த்தினாள்.

"சொல்லு. என்ன பலன்?"

"பலனா? நான் சொல்றதில்லையேக்கா. இது ஜோசியம் இல்ல, நாம யோசிக்கிறதுக்குத்தான். நீங்கதான் சொல்லணும். உங்க கண்ணு முதல்ல எங்க போகுது?"

மூத்தவளுக்குச் சுருக்கென்றது. இரண்டு மாதமாக ஒட்டுக்கேட்டும் இது அவளுக்குத் தெரியாமல் போயிற்றே! பின்வாங்கினால் மரியாதை இல்லை.

"வாள்," என்றாள்.

"அப்புறம்?"

"இன்னொரு கையை நீட்டியிருக்கா."

"எதுக்குக்கா?"

"யாரையோ வான்னு கூப்பிடுறா." மூத்தவள் குனிந்து பார்த்தாள். அளவு எடுக்கும் கண், உள்ளதைத்தான் சொல்லும். "யாரும் வரல. வாளை வச்சிக்கிட்டுக் கூப்பிட்டா எவ வருவா?"

சொன்ன பிறகுதான் சொன்னது உறைத்தது. புருஷனின் சிரிப்பு பாதியில் நின்றது. மகள் சீட்டைப் பார்க்கவில்லை, அம்மாவைப் பார்த்தாள்.

மூத்தவள் நாற்காலியில் நிமிர்ந்தாள். ஒரு வீட்டின் மானம் நாலு பேர் நடுவே பிரித்து வைக்கும் பொருளல்ல. "நீங்க ரெண்டு பேரும் போய்க் கடையைத் திறங்க," என்றாள். புருஷன் உடனே எழுந்தார். சின்னவள் சீட்டுகளைத் திரட்டிக்கொண்டு, மகளின் தோளைத் தொட்டுவிட்டுப் போனாள். அந்தத் தொடுதலையும் மூத்தவள் கவனித்தாள்.

"அவகிட்ட சொன்னதை என்கிட்ட சொல்லு."

"சொன்னா உடனே தீர்ப்பு சொல்லிடுவம்மா."

"சொல்லு."

"கடையில உக்கார எனக்கு இஷ்டமில்ல. வேற படிக்கணும். வெளியூர்ல."

கல்லாப்பக்கத்து நாற்காலி மகளுக்கென்று அவள் எப்போதோ முடிவு செய்தது. தீர்ப்பு நாக்கின் நுனிவரை வந்தது. பல்லைக் கடித்து அதை விழுங்கினாள்.

"எத்தனை நாளா இது அவளுக்குத் தெரியும்?"

"ரெண்டு மாசமா."

"ரெண்டு மாசம்! அவ என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லல. அம்மாகிட்ட எப்ப சொல்லப் போறேன்னு தினம் கேட்டாங்க."

மூத்தவளுக்கு அதுதான் எல்லாவற்றையும்விட எரிந்தது. திட்டவும் வழியில்லாத நல்லது. கீழே கடையின் இரும்புக் கதவு ஏறும் சத்தம் கேட்டது. அவள் நாற்காலியை மகளுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டாள்.

"சரி, அவ பேச்சை விடு. என்ன படிக்கணும்? நீ சொல்லு, நான் கேக்குறேன்."