கலவரக்காரனின் அம்மா

1

கோபம் தணிந்ததும் எழுதலாம் என்று காத்திருந்தேன். தணியவில்லை. அதனால்தான் இந்தக் கதை. முதலில் இப்படித் தொடங்கினேன்:

"அன்று ஏற்பட்ட அசம்பாவிதத்தில் என் தம்பி ஒரு கண்ணை இழந்தான்."

அடித்துவிட்டேன். இழந்தானா? பர்ஸா அது, பஸ்ஸில் தொலைக்க? போலீஸார் சுட்டார்கள். கண் போனது. ரப்பர் குண்டுதான் என்று அறிக்கை விட்டார்கள். (அந்தத் 'தான்' போட்ட அதிகாரியை ஒரு நாள் நேரில் பார்க்க வேண்டும்.)

2

தம்பி பஸ் டிப்போவில் மெக்கானிக். எங்கள் பகுதி அரசு மருத்துவமனையை மூடப்போகிறார்கள் என்று பேச்சு வந்தது. அமைச்சர் மறுத்தார். மூடவில்லையாம், 'ஒருங்கிணைக்கிறார்களாம்'. கட்டில்களை லாரியில் ஏற்றி நகரத்தின் மறுகோடிக்கு அனுப்பிவிட்டு, கேட்டுக்குப் பூட்டுப் போட்டார்கள். அந்தக் கேட்டின் முன்னால் போய் உட்கார்ந்தவர்களில் தம்பியும் ஒருவன். எங்களிடம் சொல்லவில்லை.

சாயங்காலம் அம்மா யாருக்கோ ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தாள். டிவியில் ஒரு பெண், கலவரக்காரர்கள் மீது குறைந்தபட்ச பலம் பயன்படுத்தப்பட்டதாகச் செய்தி வாசித்தாள்.

"நாலு போடு போட்டாத்தான் அடங்குவானுங்க" என்றாள் அம்மா. "வேலைவெட்டி இல்லாத பசங்க."

அப்போதுதான் என் போன் அடித்தது. தம்பியோடு வேலை பார்க்கும் டிரைவர். "அக்கா, பதறாதீங்க…"

[இங்கே அம்மாவின் முகத்தைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. எடுத்துவிட்டேன். என் அம்மா அவள்.]

3

மருத்துவமனை வாசலிலேயே அடிபட்டவனை ஊரைக் கடந்து தூக்கிப்போனார்கள். "கொஞ்சம் முன்னாடி கொண்டுவந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்" என்றார் டாக்டர். ஒருங்கிணைப்பு என்ற சொல்லுக்கு எனக்கு இனி அகராதி வேண்டாம்.

வார்டில் பக்கத்துக் கட்டிலுக்கு வந்த ஒருவர் கேட்டார். "கலவரத்துல அடிபட்டவரா?"

அம்மா சீறினாள். "எம்புள்ள அப்படிப்பட்டவன் இல்லீங்க. சும்மா வேடிக்கை பாக்கப் போனான். கலவரம் பண்ணதெல்லாம் மத்தவனுங்க."

தம்பி தூங்கவில்லை.

"யாரும்மா மத்தவனுங்க?"

"நீ பேசாம படுடா."

"என்னைத் தூக்கிட்டு ஓடினானே டிரைவர், அவனா? எம் பக்கத்துல உக்காந்திருந்த நர்ஸம்மாவா?"

"உன் நல்லதுக்குத்தான்டா சொல்றேன். வேலை போயிடும்."

"நான் வேடிக்கை பாக்கப் போகல. கேட்டைத் தொறங்கன்னு உக்காந்தோம். எல்லாரும் ஒண்ணாத்தான் உக்காந்தோம். அவங்க கலவரக்காரங்கன்னா நானும் கலவரக்காரன். தைரியமா அப்படியே சொல்லு. முடியலையா, அந்த வார்த்தையை விட்டுடு."

மறு கண்ணில் சொட்டு மருந்து விடப்போன அம்மாவின் கையைத் தள்ளிவிட்டான். பிறகு நர்ஸ் வந்துதான் விட்டாள்.

4

முடிவுகள் சில எழுதிப் பார்த்தேன். அம்மா அழுகிறாள், தம்பி மடியில் சாய்கிறான்: பொய். அம்மாவே கேட்டுக்கு முன்னால் போய் உட்கார்கிறாள்: சினிமா. அம்மாவை வெறுத்து ஒன்று எழுதினேன். அதைத் தொடர முடிய…

நடந்தது இதுதான். வார்டிலிருந்து அனுப்பியதும் தம்பி டிரைவர் வீட்டுக்குப் போய்விட்டான். அம்மா இரண்டு நாள் தையல் மிஷினை விட்டு எழவில்லை. நேற்று என் மேஜைப் பக்கம் வந்து நின்றாள்.

"நீ எழுதுறவதானே. யாராவது வந்து கேட்டா அவனை என்னன்னு சொல்றது?"

அப்பாவி என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். இவனை அப்பாவி என்றால் கூட உட்கார்ந்தவர்கள் யார்? பாதிக்கப்பட்டவன் என்றால் பாதித்தவன் வசதியாக மறைந்துகொள்கிறான். போராளி என்றால் அடுத்த குண்டுக்கு அதுவே போதும்.

"தெரியலம்மா" என்றேன்.

"அப்போ எதுக்கு எழுதுறே?"

இதோ, யாரோ கதவைத் தட்டுகிறார்கள். அம்மா எழுந்து போகிறாள். வெளியே நிற்பது நீங்கள்தான். உள்ளே வாருங்கள். ஆனால் அவனைப் பற்றிக் கேட்கும்போது எந்தச் சொல்லால் கேட்கப்போகிறீர்கள் என்பதை வாசலிலேயே யோசித்துவிடுங்கள்.